இரண்டு ஆலங்கட்டிகளுக்கு நடுவே

கோடு நேராக ஓடினால் தகடு நன்றாக இருக்கிறது, கோடு நெளிந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது, இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்றுதான் சகாயமேரி கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வாள், ஆனால் அந்த ‘ஏதோ’ என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அவளால் அடுத்த வேலைக்குப் போக முடியாது, அதுதான் அவளுடைய வியாதி. கறுப்புக் கோடுகள் போட்ட விளக்குப் பலகையைக் காருக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தால் பெயின்ட்டுக்குள் அந்தக் கோடுகள் தெரியும், பலகையை நகர்த்தினால் அவையும் கூடவே நகரும், ஆலங்கட்டி விழுந்த இடம் வந்ததும் ஒரு முத்து அளவுக்குச் சுழித்துக்கொண்டு மறுபடி நேராகிவிடும். சுழித்த இடத்தில் மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும். வேறு எதனாலோ விழுந்த டொக்கு என்றால் வட்டம் கிடையாது, பெருக்கல் குறி. ஆலங்கட்டிக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது என்பது பட்டறையில் அவளே போட்ட சட்டம், புருஷன் லூர்துகூட அதை மீறினதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓசூர் முழுக்க ஆலங்கட்டி கொட்டித் தீர்த்ததிலிருந்து பாகலூர் ரோட்டில் இவர்கள் ஷெட்டுக்கு வெளியே கார்கள் வரிசையாக நிற்கின்றன, அம்மை போட்ட பிள்ளைகளைக் கூட்டிவந்த மாதிரி ஆளாளுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், இவளுக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம், இத்தனை கார் இத்தனை கதை. இப்போது கையில் இருப்பது சாம்பல் நிறக் கார். லூர்து பின்பக்கம் டிக்கி மூடிக்கு அடியில் கம்பியை விட்டுக் குழிகளை உள்ளேயிருந்து நெம்பிக்கொண்டிருந்தான், இவள் பானெட்டுக்கு வந்திருந்தாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

இந்தக் காரைக் காலையில் கொண்டுவந்து விட்டவர்கள் ஒரு புருஷன் பெண்டாட்டி, அவர் பெயர் சம்பத்குமார், அந்த அம்மா வசுமதி, இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கினதும் சாவியை நீட்டி, “எல்லாம் ஞாயித்துக்கிழமை மழைதாம்மா, ஒண்ணு விடாம எடுத்துடுங்க, இல்லேன்னா இவ அதையே பாத்துப் பாத்து வருத்தப்படுவா” என்றார், சாவியை நீட்டின கையில் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டு போட்டிருந்தது, கேட்பதற்கு முன்னாலேயே “ஐஸ்ல வழுக்கிட்டேன்” என்று சிரித்தார், இவளும் சிரித்தாள், இந்த வாரம் பாதி ஊர் ஐஸில் வழுக்கித்தான் கிடக்கிறது. பிறகு அவருக்கு ஒரு போன் வந்து வாசல் கேட் பக்கம் போய்விட்டார். அந்த அம்மா அதற்காகவே காத்திருந்தது போலக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, இதுல எல்லாமே ஆலங்கட்டிதானா இல்லையான்னு பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சிடுமா?” என்று கேட்டாள். “தெரியுமே மேடம், அதானே வேலை” என்று இவள் சொன்னாள். “அப்ப நல்லா பாத்து வைங்க. சாயங்காலம் எனக்கு மட்டும் சொல்லுங்க. அவர்கிட்ட வேணாம்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். போதாதா சகாயமேரிக்கு? காலையிலிருந்து அந்த வார்த்தை காதுக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. எனக்கு மட்டும் சொல்லுங்க என்றால் என்ன அர்த்தம், அவரிடம் வேண்டாம் என்றால் அவருக்குத் தெரியாததா தெரிந்ததா, ஆலங்கட்டி இல்லை என்றால் வேறு எது என்று அந்த அம்மா நினைக்கிறாள், நினைப்பதை வாயால் சொல்லாமல் ஏன் ஒரு பட்டறைக்காரியிடம் கேட்கிறாள்?

கார் பாதி சொல்லிவிட்டது. டாப்பிலும் டிக்கியிலும் வட்டம் போட இடமில்லாத அளவுக்குக் குழி, பானெட்டில் வர வர குறைந்துகொண்டே வந்து முன் விளிம்பில் ஒன்றிரண்டுதான், அப்படியென்றால் மழை பெய்கிறபோதே கார் மூக்கை நீட்டி எதற்கோ கீழே நுழைந்திருக்கிறது, பெட்ரோல் பங்கோ கல்யாண மண்டப வாசலோ, முழுசாக நுழையவில்லை, பாதியில் நின்றுவிட்டது, ஏன் நின்றது, இடம் இல்லையா, பயந்துபோய் நிறுத்தினார்களா? பின் கண்ணாடியில் சிவப்பு ‘எல்’ ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்த தடம் இருந்தது, பிளேடு வைத்துச் சுரண்டவில்லை, நகத்தால் பிறாண்டியிருக்கிறார்கள், பசை புதுசு, தூசிகூட இன்னும் சரியாக ஒட்டவில்லை. இதையெல்லாம் பார்த்துவைத்துக்கொண்டுதான் பானெட்டுக்கு வந்தாள். பலகையை நகர்த்தினாள். வட்டம், வட்டம், ஒரு வட்டம், பிறகு கோடு வளைந்தது. சுழிக்கவில்லை, வளைந்தது, தூக்கத்தில் ஒருத்தர் புரண்டு படுக்கிற மாதிரி நிதானமாக வளைந்து ஒரு சாண் தூரம் போய்த் திரும்பியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதேபோல் அகலமாக, ஆழமே இல்லாமல். விளக்கை அணைத்துப் பார்த்தாள், வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வெயிலில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது, உள்ளங்கையால் தடவினால் மட்டும் கை லேசாகத் தாழ்ந்து எழுந்தது. பென்சிலைக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். வட்டம் இல்லை, அது நிச்சயம். பெருக்கல் போட வேண்டியதுதான், போட்டால் சாயங்காலம் அவர் வந்து இது என்ன என்று கேட்பார், அந்த அம்மாவும் பக்கத்தில் நிற்பாள். பென்சில் அங்கேயே நின்றது.

என்னவாக இருக்கும்? குரங்கு குதித்திருக்கலாம், குரங்கு என்றால் நகக்கீறல் இருக்கும். யாராவது உட்கார்ந்து பேசியிருக்கலாம், பானெட்டில் உட்காருகிறவன் ஓரத்தில் உட்காருவான், இவ்வளவு நடுவில் போய் உட்கார அவன் என்ன சாமியா? கல்யாணத்துக்குப் பூ அலங்காரம் செய்கிறவன் ஊன்றியிருக்கலாம், ஆனால் பூக்காரன் ஊன்றினால் ஒரு கைதான் ஊன்றுவான், இன்னொரு கையில் பூ இருக்குமே. ரொம்பத் தோண்டாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், போன வருஷம் தோண்டினது போதும். ஒரு வெள்ளைக் காரின் டிக்கி மூடி உள்ளேயிருந்து வெளியே பிதுங்கியிருந்தது, இவள் சும்மா இருக்காமல், “சார், கிரைண்டர் ஏத்தினீங்களா, மூடி இடிச்சிருக்கு பாருங்க” என்று அவன் பெண்டாட்டியை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள், வீட்டில் காணாமல்போன கிரைண்டர் அவன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிற சங்கதி அங்கேயே வெளிச்சத்துக்கு வந்து, பட்டறையில் நின்றே அந்தப் பெண் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். “உனக்கு டொக்கு எடுக்கணுமா, கதை கேக்கணுமா?” என்று லூர்து ஒரு வாரம் சொல்லிக் காட்டினான். இரண்டும்தான் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் இரண்டும்தான். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளிலும் அப்படித்தான், ட்யூப்லைட் குகைக்குள் கார்கள் ஒவ்வொன்றாக வரும், குறை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட வேண்டும், எப்படி வந்தது என்று கேட்கிற வேலை அவளுடையது இல்லை, அதனால்தான் அந்த வேலை அவளுக்குப் பிடிக்காமல் போனது. குறையை மட்டும் பார்த்துக் கதையைக் கேட்காமல் வருஷக்கணக்காக இருந்தது அவளுக்கு மூச்சு முட்டியது.

அகலமாக இரண்டு. பக்கத்தில் பக்கத்தில். அவள் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுக் காருக்கு முன்னால் போய் நின்றாள், நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள், எட்டவில்லை. இன்னும் கிட்டே போனாள், முழங்கால் நம்பர் பிளேட்டில் இடித்தது, குனிந்தாள், அப்போதும் எட்டவில்லை, வயிறு விளிம்பில் அழுந்த மார்பைச் சாய்த்து உடம்பையே காரின்மேல் போட்டபோதுதான் இரண்டு உள்ளங்கைகளும் அந்த இரண்டு பள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்தன, அந்த நேரம் அவளுடைய கால் தரையிலிருந்து எழும்பிவிட்டது. “என்ன மேரி, காரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கெடக்குற?” என்று பின்பக்கத்திலிருந்து லூர்து கேட்டான். யாரும் தானாக இப்படி வந்து விழ மாட்டார்கள். நின்றுகொண்டிருக்கிற காரில் இப்படிக் கை படாது. கார் வந்திருக்கிறது, எதிரில் நின்ற ஒரு ஆளின் மேல் வந்து முட்டியிருக்கிறது, அந்த ஆள் இரண்டு கையையும் ஊன்றி அப்படியே மேலே விழுந்திருக்கிறார். தகடு கன்னத்தில் சில்லென்று பட்டது, அவள் பயந்துபோய்ச் சறுக்கி இறங்கினாள். ஒண்ணு விடாம எடுத்துடுங்க என்றாரே, இதற்குத்தானா? சிரித்த முகமாக இருந்தாரே. அந்த அம்மாவைத்தான் இடித்தாரா, அந்த அம்மா நன்றாக நடந்துதானே வந்தாள், அந்த அம்மா இல்லை என்றால் வேறு யார், ஞாயிற்றுக்கிழமை மழையில் யாராவது ரோட்டில் அடிபட்டார்களா, பேப்பரில் ஏதும் வந்ததா, அவள் பேப்பர் பார்த்தே நாலு நாளாயிற்று, நாளைக்குப் போலீஸ் வந்து காரை எடுத்துக்கொண்டு போனால் அதில் ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் சகாயமேரியும் லூர்தும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுத்தமாக நிமிர்த்திக் கொடுத்திருப்பார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள், மூடியைக் கீழே போட்டாள், தேடி எடுத்து மூடினாள்.

பயம் என்னவோ பயம்தான், ஆனாலும் அவளுடைய கண் சும்மா இருக்கிற கண்ணா? விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி குனிந்தது. எப்போது விழுந்தது என்று தெரிந்தால் போதும், பழசா புதுசா. அதற்கு வழி இருக்கிறது. குழி இருக்கிற இடத்தில் பிறகு இன்னொன்று விழுந்தால் முதல் குழியின் ஓரம் கலைந்து இழுபட்டுவிடும், பிறகு விழுந்தது மட்டும் முழுசாக இருக்கும். இடது பள்ளத்தின் ஓரத்தில் ஒரு ஆலங்கட்டிக் குழி இருந்தது, அதன் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது, ஆகவே அந்தக் கல் விழுந்த பிறகுதான் கை விழுந்திருக்கிறது, மழைக்குப் பிறகு, அதாவது இந்த இரண்டு மூன்று நாளில். சரி என்று வலது பள்ளத்துக்குப் பலகையை நகர்த்தினாள், அங்கே பள்ளத்துக்குள்ளேயே ஒரு குழி, கலையாமல் இழுபடாமல் வட்டமாக, அழகாக உட்கார்ந்திருந்தது. இது கைக்குப் பிறகு விழுந்தது. முதலில் அவளுக்குக் குழம்பியது. மழைக்குப் பிறகு கை, கைக்குப் பிறகு மழை, அது எப்படி, ஊரில் ஒரு நாள்தானே பெய்தது? அப்புறம்தான் உறைத்தது. ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நடுவில் விழுந்த கை இது. கொட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்திருக்கிறது. டாப்பெல்லாம் தடதடவென்று அதிர, முன் கண்ணாடி வெள்ளையாக மூடிப்போய் உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கும்போது, அந்த ஆயிரம் சத்தத்தில் இதுவும் ஒரு சத்தமாகக் கேட்டிருக்கும், அவ்வளவுதான். அந்த மழையில் எந்த மனுஷன் வெளியே இறங்கி நிற்பான்? மூக்கை நீட்டி நுழைகிற காருக்கு எதிரே நின்று, வா வா, நேரா வா என்று கை காட்டுகிறவன்தான் நிற்பான். யாருக்கு அப்படிக் கை காட்ட வேண்டும்? புதுசாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்குத்தான் காட்ட வேண்டும். அவள் வலது பள்ளத்தை மறுபடி தடவினாள், இடதைவிடக் கொஞ்சம் ஆழம் கூடுதல், வலது கை பட்ட பக்கம் எது என்று எதிரே போய் நின்று பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டாள். கட்டோடு சாவியை நீட்டின கை வலது கைதான்.

அப்படியா சங்கதி என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஓட்டினது அவர் இல்லை, அந்த அம்மா. நிறுத்த வேண்டிய இடத்தில் பதறிப்போய் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறாள், அவர் பானெட்டின் மேல் விழுந்து பக்கவாட்டில் சரிந்திருக்கிறார், எழுந்து கதவைத் திறந்து, பிரமாதம், சரியாக நிறுத்திவிட்டாய் என்று சொல்லியிருப்பார், கை வீங்கினதும் ஐஸில் வழுக்கினேன் என்றிருப்பார். அந்த அம்மா நம்பியும் நம்பாமலும் அந்தச் சத்தத்தையே நினைத்துக்கொண்டு நகத்தால் ‘எல்’லைப் பிறாண்டி எடுத்திருக்கிறாள். இதுவரை கொலைகாரன் என்று நினைத்த மனுஷன்மேல் இவளுக்கு இப்போது ஒரேயடியாக இரக்கம் பொங்கியது, இவ்வளவு நேரம் அவரைச் சந்தேகப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் கொஞ்ச நேரம் தலைக்கு ஏறி நின்றது, இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல நாக்கு அரித்தது. சாயங்காலம் சொல்லலாமே, கேட்டவளிடமே சொல்லலாமே, மேடம் இங்கே பாருங்க, இது இடது கை, இது வலது கை. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்ததும் சந்தோஷம் இறங்கிவிட்டது. மத்திகிரி மைதானத்தில் அண்ணன் ஆரோக்கியம் இவளுக்கு ஸ்கூட்டி கற்றுக்கொடுத்தபோது எதிரே நின்று வா வா என்றான், இவளும் வந்தாள், நேராக அவன்மேல் போய் ஏற்றினாள், தோள்பட்டை எலும்பு விட்டுப்போனது. அவன் கோபமே படவில்லை, ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரியாணிக்கு இலை போட்டு உட்கார்ந்ததும் “என் தோளை உடைச்ச மகராசி” என்று ஆரம்பிப்பான், எல்லோரும் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வண்டியின் கைப்பிடியைத் தொட்டதில்லை. ஊரில் உள்ள கார்களையெல்லாம் தொட்டுத் தடவுகிறவளுக்கு ஒரு காரைக்கூட நகர்த்தி வைக்கத் தெரியாது, லூர்து வந்து நகர்த்த வேண்டும். அது யாருக்கும் தெரியாத வலி, அண்ணனுக்கும் தெரியாது.

சொல்லாமல் விட்டால் பொய். கேட்டது கேட்டாளே, தைரியமாகக் கிட்டே வந்து கேட்டாளே, கேட்கிறவளுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா, சகாயமேரியே அந்த இடத்தில் இருந்தால் தெரியாமல் ஒரு ராத்திரி தூங்குவாளா? சொன்னால் உண்மை, ஆனால் அந்த அம்மா இனி ஸ்டியரிங் பக்கம் போக மாட்டாள், அவர் அடிபட்டும் மறைத்ததெல்லாம் வீணாகும். வட்டமா பெருக்கலா, வட்டமா பெருக்கலா. பெருக்கல் போட வேண்டிய இடத்தில் இதுவரை வட்டம் போட்டதே இல்லை என்கிற பெருமை வேறு நடுவில் வந்து நின்றது, அடச்சீ, இந்த நேரத்தில் உன் பெருமையை யார் கேட்டார்கள் என்று அதைத் தள்ளினாள். லூர்து கம்பியைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து, “பானெட்ல அதென்ன, குறியே போடாம வெச்சிருக்க?” என்றான். அவள் பென்சிலை எடுத்து இரண்டு பள்ளங்களையும் சுற்றிப் பெரிய பெரிய வட்டமாகப் போட்டாள். அவன் வட்டத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இவ்வளவு பெரிய ஆலங்கட்டியா என்று கேட்க வாயெடுத்து, என்ன நினைத்தானோ, கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து கம்பியை உள்ளே விட்டான், அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் மேல, மெதுவா, மெதுவாங்க, போதும்” என்று சொல்லச் சொல்ல, வளைந்திருந்த கோடு கொஞ்சம் கொஞ்சமாக மனம் மாறுகிற மாதிரி நிமிர்ந்துகொண்டே வந்தது. ஓரத்தில் இழுபட்டிருந்த குழி போயிற்று, உள்ளே முழுசாக உட்கார்ந்திருந்த குழியும் போயிற்று. எல்லாம் நேரானதும், இனி உலகத்தில் எந்த விளக்கைப் போட்டாலும் இது தெரியாது என்று நினைத்தபடி அந்த இடத்தை உள்ளங்கையால் இன்னொரு தடவை தடவினாள். ஒரு துணியை எடுத்து மெழுகுக் குறிகளைத் துடைத்தாள்.

சாயங்காலம் இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சம்பத்குமார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “புதுக் கார் மாதிரி ஆயிடுச்சே” என்று சொல்லிவிட்டு டாப்பைக் காட்டி லூர்திடம் ஏதோ விசாரிக்க ஆரம்பித்தார். வசுமதி இந்தப் பக்கம் வந்து நின்றாள். சகாயமேரியின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். மத்தியானத்திலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்த வாக்கியத்தைச் சகாயமேரி எடுத்து விட்டாள்.

“எல்லாமே ஆலங்கட்டிதான் மேடம்.”

“நல்லா பாத்தீங்களா?”

“லைட் போட்டுப் பாத்தேன். ஒவ்வொண்ணா பாத்தேன்.”

அந்த அம்மா சரி என்று தலையாட்டினாள். நம்பினாளா என்று சகாயமேரிக்குத் தெரியவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாகத் துருவிப் பார்க்கவும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை, கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வசுமதி நேராகப் புருஷனிடம் போய்க் கையை நீட்டினாள்.

“சாவியக் குடுங்க. நான் ஓட்டறேன்.”

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. “அதானே, நான் எத்தனை தடவை சொன்னேன்” என்று லூர்துக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டு, சாவியைக் கொடுத்து, டிரைவர் பக்கக் கதவையும் அவரே திறந்துவிட்டார். அந்த அம்மா உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டு இடதுபக்கம் போக வேண்டும், காருக்கு முன்னால் நாலு எட்டு வைத்தால் போதும், வழியில் தடையாக ஒன்றும் இல்லை. அவர் முன்பக்கம் திரும்பினார், ஒரு எட்டு வைத்தார், நின்றார். சட்டையைச் சரிசெய்துகொள்கிறவர் போல ஏதோ செய்தார். பிறகு திரும்பி, பின்பக்கமாக, டிக்கியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

சகாயமேரி அவரைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குள் அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். வசுமதியின் கண்கள் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவரைத் தொடர்ந்து போயின, அவர் டிக்கிக்குப் பின்னால் மறைந்ததும் நின்றுவிட்டன. எடுத்த டொக்கு அத்தனையும் வீண் என்று சகாயமேரிக்குத் தோன்றியது, இறங்கிவிடுவாள், இதோ இறங்கிவிடுவாள் என்று அவள் காத்திருந்தாள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஜன்னல் இறங்கியது.

“என்னங்க.”

அவர் டிக்கிப் பக்கம் நின்றுவிட்டார்.

“முன்னாடியே வாங்க” என்றாள் வசுமதி. “நான் இன்னும் சாவி போடல.”

அவர் வந்த வழியே திரும்பி, ஜன்னலைத் தாண்டி, முன்பக்கமாக வந்தார். அந்த அம்மா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டுப் போட்ட கையைப் பானெட்டின் மேல் லேசாக வைத்தபடி, அவசரப்படாமல், ஒவ்வொரு அடியாகக் காரின் முன்னால் நடந்து இடதுபக்கம் போய்ச் சேர்ந்தார். அவர் உட்கார்ந்து கதவைச் சாத்தின பிறகுதான் அவள் சாவியைத் திருகினாள்.